ஒரு பாடம் பாக்கி

டிகிரி வாங்க யுராய்மா ரொந்தோனுக்கு ஒரே ஒரு பாடம்தான் பாக்கி. மூன்று வருஷமாக அதே ஒரு பாடம்.

மெரிதா நகரில் மலைமேல் இருக்கிற பல்கலைக்கழக அறிவியல் வளாகத்தில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பதிவு அலுவலகத்தில் இருக்கும் பெத்தில்தே அம்மா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டிருந்தாள். ஜன்னலில் தலை தெரிந்ததும், "வந்துட்டாளா என் ஒரு பாடத்துக்காரி! இல்லம்மா, இந்த செமஸ்டரும் இல்ல. வாத்தியார் வானத்துல இருந்தா குதிப்பாங்க?" என்பாள்.

2010-ல் அவள் உயிரியலில் சேர்ந்தபோது வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஐந்து வருஷப் படிப்பு. நடுவில் வேலைநிறுத்தங்கள் வந்தன. தெருவெல்லாம் டயர் எரிந்த மாதங்கள் வந்தன. தண்ணீர் இல்லை, பஸ் இல்லை என்று வளாகத்தை மூடிய வாரங்களுக்குக் கணக்கே இல்லை. ஐந்து வருஷம் ஒன்பது வருஷமாக நீண்டது. அவள் ஓடைப்பூச்சிகளைப் பற்றி ஆய்வேடு எழுதி, மூன்று பேர் முன்னால் நின்று பதில் சொல்லி, அதையும் முடித்துவிட்டாள். மிஞ்சியது கடைசி வருஷத்துப் பாடங்களில் ஒன்று, கருவளர்ச்சி உயிரியல். ஒரே ஒரு செல்லிலிருந்து முதுகும் இதயமும் கண்ணும் எப்படி உண்டாகின்றன என்கிற பாடம். கட்டாயப் பாடம், செய்முறையோடு. வேறொன்றை எடுத்து ஈடுகட்ட முடியாது.

அந்தப் பாடத்தை எடுக்க மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சிலி நாட்டுக்குப் போனார். இன்னொருவர் ஒரு வாரம் மாநாடு என்று ஈக்வடாருக்குப் போனார், அந்த வாரம் இன்னும் முடியவில்லை. மூன்றாவது ஆள் லிஸ்பெத். அவள் ஊரைவிட்டுப் போகவில்லை, வேலையை விட்டுவிட்டாள்.

வீட்டில் யுராய்மாவும் அம்மாவும்தான். அம்மா துணி தைப்பாள், கண்ணில் புரை விழுந்த பிறகு நேர்த்தையல் மட்டும். மலைக்கு மேலே முகுச்சீஸ் பக்கம் எவாரிஸ்தோ என்பவருக்கு ஒரு டிரவுட் மீன் பண்ணை இருந்தது. உரிமம் புதுப்பிக்க அவருக்கு ஓர் உயிரியலாளரின் கையெழுத்து வேண்டும். யுராய்மாவின் ஆய்வேட்டைப் படித்த ஒரே வெளியாள் அவர்தான். "நீதான் வேணும்மா. ஆனா டிகிரிக் காகிதத்தோட வா. ஜூலை வரைக்கும் நான் பார்க்கிறேன். அதுக்கு மேல பண்ணை தாங்காது" என்றார். அது 2018 கடைசியில் சொன்ன பேச்சு. மறுநாளே யுராய்மா லிஸ்பெத்தைத் தேடிக்கொண்டு போனாள்.

லிஸ்பெத்தின் வீட்டு முன்னறையில் ஒரு மேசை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, வரிசையாகச் சின்னச் சின்ன சாயக் குப்பிகள். முப்பத்தேழு வயது லிஸ்பெத் குனிந்து உட்கார்ந்து, கசாப்புக்கடைக்காரரின் மனைவிக்கு நகத்தில் பூ வரைந்துகொண்டிருந்தாள். ஒரு காலத்தில் கடுகளவு கருவை ஊசி முனையில் தூக்கிய கை அது. பூவின் இதழில் நரம்புகூடத் தெரிந்தது.

"ப்ரோஃபே..." என்றாள் யுராய்மா. வாத்தியார்களை அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"ப்ரோஃபே செத்துட்டா. இங்க இருக்கிறது லிஸ்பெத். உக்காரு, நகத்தைக் காட்டு."

"நகம் பண்ண வரல ப்ரோஃபே."

"தெரியும். கடிச்சுக் கடிச்சு மொட்டையா வச்சிருக்க. அதுல நான் எங்க பூ வரையறது?"

கசாப்புக்கடைக்காரரின் மனைவி குலுங்கிச் சிரித்தாள். "ஆடாதீங்க, இலை கோணிடும்" என்று லிஸ்பெத் அவளை அதட்டினாள்.

யுராய்மா விஷயத்தைச் சொன்னாள். லிஸ்பெத் தலை நிமிரவில்லை. "பஸ் கிடையாது. நடந்து மலை ஏறணும். ஏறினா அங்க கை கழுவத் தண்ணி கிடையாது. பத்து வருஷம் செஞ்சேன். எதுக்கு திரும்ப வரணும்? ஒரு காரணம் சொல்லு."

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "எனக்கு வேற யாரும் இல்ல ப்ரோஃபே" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் தினமும் போனாள். வாசலில் நிற்பாள், வாடிக்கையாளர் போனதும் தரையைப் பெருக்குவாள், திட்டினால் கேட்டுக்கொள்வாள். பதினோராவது நாள் லிஸ்பெத் திடீரென்று கேட்டாள்: "கோழிக்கருவுல நரம்புக்குழாய் எங்க மூட ஆரம்பிக்குது?"

"நடுமூளை வர்ற இடத்துல. அங்கிருந்து ரெண்டு பக்கமும் போகும்."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல. நூலகத்துல இருக்கிற பழைய புத்தகம். நாலு தடவை படிச்சுட்டேன்."

லிஸ்பெத் தூரிகையைக் குப்பியில் போட்டு மூடினாள். துணியில் கையைத் துடைத்தாள். பிறகு, "செவ்வாய், வியாழன். காலையில மட்டும். வெள்ளி சனி எனக்கு கூட்டம் அதிகம்" என்றாள்.

வாத்தியார் கிடைத்தாயிற்று. இனி மாணவர்கள் வேண்டும். நாலு பேராவது இல்லாமல் மேல்வகுப்புப் பாடம் எதுவும் நடக்காது என்று அறிவிப்புப் பலகையில் முத்திரையோடு ஒட்டியிருந்தார்கள். யுராய்மா ஆள் பிடிக்கக் கிளம்பினாள்.

முதலில் மாட்டியவன் டார்வின். உண்மையிலேயே அவன் பெயர் டார்வின் பெஞ்ஞா. உயிரியலில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெயரால் அவன் படாத பாடில்லை. பகலில் போன் ரிப்பேர், மீதி நேரத்தில் படிப்பு. வாத்தியார்கள் இருந்த காலத்தில் இதே பாடத்தில் இரண்டு முறை தோற்றவன். "மூணாவது தடவையும் தோத்தா பேரை மாத்திக்கிறேன். என்னால அந்தப் பெரிய மனுஷருக்கும் சேர்த்து அவமானம்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

இரண்டாவது சிஸ்டர் கந்தெலாரியா. கன்னியர் மடத்துப் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள், நாற்பது வயது. டிகிரியை முடித்துவிடு என்று மடத்தில் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் நாட்டைவிட்டு ஓடமாட்டாள் என்பதே யுராய்மாவுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

தன்னையும் சேர்த்தால் மூன்று. நாலாவது ஆள் கிடைக்கத்தான் உயிர் போயிற்று. கடைசியில் கிரேசியா. இருபத்து நாலு வயது, இரண்டு வயதுப் பெண் குழந்தை. கணவன் போன வருஷமே எல்லை தாண்டி லிமாவுக்குப் போய்விட்டான். அவளும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு செமஸ்டர்தாண்டி. ஆறு மாசம். உனக்கும் ஒரு பாடம் முடியும்" என்றாள் யுராய்மா.

"அங்க போய் நான் தட்டு கழுவப் போறேன். கோழிக்குஞ்சு எப்படி வளருதுன்னு தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?"

"எனக்காக இருடி. உன் கால்ல வேணா விழறேன்."

கிரேசியா குழந்தையின் தலையைச் சீவிக்கொண்டே யோசித்தாள். அவள் இளகிய மனசுக்காரி. யுராய்மாவுக்கு அது தெரியும், தெரிந்துதான் போயிருந்தாள். "சரி போ. ஜூன் முடிஞ்ச மறுநாள் பஸ் ஏறிடுவேன்" என்றாள் கிரேசியா.

வகுப்பு ஜனவரியில் தொடங்கியது. ஜன்னல் கண்ணாடி இரண்டு உடைந்த ஆய்வகம், வேலை செய்கிற மைக்ராஸ்கோப் மூன்று, முனகிக்கொண்டே ஓடும் ஒரு பழைய இன்குபேட்டர். லிஸ்பெத் முதல் நாள் வந்ததும் மேசையைத் துணியால் துடைத்தாள், சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையில் ஒரு வட்டம் போட்டாள். இரண்டு மணி நேரம் நிறுத்தவில்லை. யுராய்மா எழுதிக்கொண்டே அழுதாள். பக்கத்திலிருந்த டார்வின், "நோட்டு நனையுது பாரு, அப்புறம் என்கிட்ட கடன் கேட்காதே, என் எழுத்து எனக்கே புரியாது" என்றான்.

செய்முறைக்கு ஒவ்வொருவரும் கோழிக்கருவை இருபத்து நாலு, நாற்பத்தெட்டு, எழுபத்திரண்டு மணி நேர வளர்ச்சியில் எடுத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்துக் கொடுக்க வேண்டும். கடை முட்டை உதவாது, சேவல் சேர்ந்த முட்டை வேண்டும். தபாய் ஊரில் கோழி வளர்க்கிறவர் ஒருவருடைய போனைச் சரிசெய்து கொடுத்து, கூலியாக இரண்டு டஜன் முட்டை வாங்கி வந்தான் டார்வின். "முட்டை வேணும், ஆனா சேவல் ஒழுங்கா வேலை செய்யுதான்னு கேட்டேன். அந்த ஆளு என்னை ஏற இறங்கப் பார்த்தான்" என்றான். சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் ஆறாம் தேதி புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இருபத்து நாலு முட்டைகளையும் இன்குபேட்டரில் வைத்தார்கள். வியாழன் காலையில் ஆறை உடைத்து முதல் தகடுகளைத் தயார் செய்தார்கள். மீதி பதினெட்டு. வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கரண்ட் போயிற்று.

யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. கரண்ட் போவது தினசரிச் சங்கதி. இன்குபேட்டர் மேல் இரண்டு போர்வையைப் போர்த்திவிட்டுக் கீழே இறங்கினார்கள். ஆனால் அன்று போனது மெரிதாவில் மட்டுமல்ல, நாடு முழுவதும். வெள்ளிக்கிழமை விடிந்தும் வரவில்லை. யுராய்மா நடந்தே மலை ஏறினாள். பெட்டிக்குள் வெப்பமானி இருபத்தாறு காட்டியது. கணக்குப்படி முந்தின நாள் மாலைதான் அந்தக் கருக்களுக்கு இதயம் துடிக்கத் தொடங்கியிருக்கும். தொடங்கிய கையோடு குளிர்ந்துகொண்டிருந்தது.

லிஸ்பெத்தும் மற்ற மூவரும் வந்து சேர்ந்தார்கள். இன்னொரு தடவை முட்டை கிடைக்குமா? தபாய்க்காரர் மீதிக் கோழிகளை அறுத்து விற்றுவிட்டார் என்றான் டார்வின். யுராய்மா பெட்டிக்குள் கை விட்டு ஒரு முட்டையைத் தொட்டுப் பார்த்தாள்.

"உடம்புச் சூடு முப்பத்தாறரை இருக்கும்ல ப்ரோஃபே?" என்றாள் யுராய்மா.

"வளர்ச்சி மெதுவாகும். ஆனா சாகாது. சில முட்டையாவது தேறும்" என்ற லிஸ்பெத், சட்டென்று புரிந்துகொண்டு அவளைப் பார்த்தாள். "அடிப் பைத்தியமே."

பழைய துணிகளைக் கிழித்து, பாக்கெட் போல மடித்துத் தைத்து, வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். யுராய்மாவுக்கு ஐந்து, சிஸ்டருக்கு ஐந்து, டார்வினுக்கும் கிரேசியாவுக்கும் நாலு நாலு. தொளதொள அங்கிக்குள் சிஸ்டரின் முட்டைகள் இருந்த இடமே தெரியவில்லை. டார்வினுக்கு மட்டும் தொப்பை வந்துவிட்டது. "மாசமா இருக்கேன், யாரும் இடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே மலை இறங்கினான். ஞாயிற்றுக்கிழமை காலை ஆய்வகத்தில் சேருவது என்று பேச்சு.

அந்த இரண்டு நாள் யுராய்மா சாய்ந்து படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி கண்ணயர்வாள், விழித்துத் தொட்டுப் பார்ப்பாள், முட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைப்பாள். ஊரில் கடைகள் திறக்கவில்லை. திறந்த ஒன்றிரண்டிலும் கார்டு தேய்க்கும் இயந்திரம் செத்துக் கிடந்தது, கையில் ரொக்கம் வைத்திருப்பவர்கள் யாருமில்லை. வெள்ளிக்கிழமை அம்மா விறகு மூட்டி, இருந்த மாவில் வெறும் அரேபா அடை சுட்டாள். சனிக்கிழமை மாவும் தீரும் நிலை. அரை அடையைத் தட்டில் வைத்துவிட்டு அம்மா மகளின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு இருக்குல்ல?"

"அம்மா, வேண்டாம்."

"நான் எனக்குக் கேட்கல. நீ நேத்திலேர்ந்து சரியா சாப்பிடல. ரெண்டு எடுத்தா மூணு இருக்குமே."

"தேறுறதே ஒண்ணோ ரெண்டோதான்மா. எது தேறும்னு தெரியாது."

அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. எழுந்து போய் அடுப்புச் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டோமே என்று அவளுக்கும், கொடுக்கவில்லையே என்று இவளுக்கும் நெஞ்சில் முள் போலத் தைத்தது.

ஞாயிற்றுக்கிழமையும் கரண்ட் இல்லை. லிஸ்பெத் மைக்ராஸ்கோப்புகளை ஜன்னலோரம் நகர்த்தி, கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தாள். யுராய்மா முதல் முட்டையை உடைத்தாள், செத்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில், மஞ்சள் கருவின் மேல் மெல்லிய சிவப்பு வலை. நடுவில் கேள்விக்குறி போல வளைந்த கரு. அதற்குள் கடுகிலும் சிறிய ஒன்று துடித்துக்கொண்டிருந்தது.

சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிச்சுக்குதுடா!" என்று டார்வின் கத்தினான். சிஸ்டரின் ஐந்தில் இரண்டு, டார்வினின் நாலில் ஒன்று, யுராய்மாவின் ஐந்தில் இரண்டு. மொத்தம் ஐந்து தேறின. எல்லாருக்கும் பங்கு போட்டால் மட்டுமட்டாகப் போதும், கிரேசியாவினுடையதும் சேர்ந்தால்.

பதினோரு மணி வாக்கில் கிரேசியா வந்தாள். குழந்தை இடுப்பில் இருந்தது. வயிறு தட்டையாக இருந்தது.

"எங்கடி?" என்றாள் யுராய்மா.

"சமைச்சுட்டேன்."

"என்னது?"

"நேத்து காலையில இருந்து இவ அழுதுட்டே இருந்தா, யுரா. பால் இல்ல, ஒண்ணும் இல்ல. நாலையும் வேக வச்சுக் குடுத்துட்டேன்."

யுராய்மாவின் வாயிலிருந்து வந்தது அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எல்லார் வீட்டிலயும்தான் பட்டினி. எங்கம்மா கேட்டா, நான் குடுக்கல. உனக்கு மட்டும் என்ன?"

"உங்கம்மா ரெண்டு வயசுக் குழந்தை இல்ல" என்றாள் கிரேசியா. குரல் உயரவில்லை. குழந்தை பயந்து அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. "போதும், வாயை மூடு" என்று லிஸ்பெத் யுராய்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். கிரேசியா குழந்தையை இடுப்பில் சரியாக ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

மறு வாரம் கரண்ட் வந்தது, வகுப்பும் தொடங்கியது. தேறிய ஐந்தைப் பங்கு போட்டே செய்முறையை முடித்துக்கொள்ள லிஸ்பெத் சம்மதித்தாள். கிரேசியா வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. சனிக்கிழமை காலை டார்வின் ஓடி வந்து சொன்னான்: "அவ வீட்டைக் காலி பண்ணிட்டா யுரா. பத்து மணிக்கு எல்லைக்குப் போற பஸ்."

யுராய்மா பஸ் நிலையத்துக்கு ஓடினாள். நாலு பேர் என்ற அறிவிப்பும் எவாரிஸ்தோவின் ஜூலையும்தான் மூளையில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தன. போன வருஷம் தாவர உடலியல் வகுப்பைப் பாதியில் மூடியது அவளுக்குத் தெரியும். கிரேசியா ஒரு பெட்டி, ஒரு மூட்டை, குழந்தையோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

"மூணே மாசம்டி. நான் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோ. என் வீட்டுல வந்து இரு. எங்கம்மா குழந்தையைப் பார்த்துப்பா."

"உன் வீட்டுல சாப்பாடு இருக்கா?"

யுராய்மா குனிந்து பெட்டியைப் பார்த்தாள்.

"கோபத்துல போகல, யுரா. அன்னிக்கு முட்டையைக் கையில எடுத்தப்பவே முடிவு பண்ணிட்டேன். இப்படி ஒரு ஊர்ல பிள்ளையை வச்சுக்க முடியாது."

வரிசை நகர்ந்தது. யுராய்மா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கிரேசியா இழுத்தாள், இவள் விடவில்லை. சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்காரர், "ஏம்மா, ஏறுறதா இல்லையா?" என்று சத்தம் போட்டார்.

"போ! என் டிகிரியைத் தின்னவதானே நீ! உன் பிள்ளைக்கு என் டிகிரியை ஊட்டிட்டு இப்ப பஸ் ஏறுற!" என்று கத்தினாள் யுராய்மா.

கிரேசியா பெட்டியை விட்டுவிட்டு, மூட்டையையும் குழந்தையையும் மட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். யுராய்மாதான் பின்னாலேயே ஓடி, பெட்டியை ஜன்னல் வழியாகத் தூக்கிக் கொடுத்தாள். உள்ளேயிருந்து யாரோ ஒரு கை அதை வாங்கிக்கொண்டது. கிரேசியா அவள் பக்கம் திரும்பவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வருகைப் பதிவேடு கைக்கு வந்தபோது யுராய்மா தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவைச் சாய்த்துப் பிடித்து, கிரேசியாவின் பெயருக்கு நேரேயும் போட்டாள். பழைய கையெழுத்தைப் பார்த்து வீட்டில் பழகியிருந்தாள். லிஸ்பெத் பதிவேட்டை வாங்கிப் பார்த்தாள், மூடினாள், பாடத்தைத் தொடங்கினாள். ஏப்ரல் முழுவதும் இப்படியே போயிற்று. கிரேசியா லிமா போய்ச் சேர்ந்ததாக டார்வினுக்குச் செய்தி வந்த வாரத்திலும் மெரிதாவில் அவள் இரண்டு வகுப்புக்கு வந்திருந்தாள்.

யுராய்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது ஆய்வகக் கதவைத் தட்டினால் பதிவேட்டின் மேல் நோட்டை வைத்து மறைப்பாள். பிடிபட்டால் இந்தப் பாடம் மட்டுமல்ல, ஒன்பது வருஷமும் போகும். லிஸ்பெத்தின் பெயரும் சேர்ந்து கெடும். அதை நினைக்கும்போதெல்லாம் அடுத்த வகுப்போடு நிறுத்திவிட வேண்டும் என்று தோன்றும். ஆனால் பதிவேடு வந்ததும் கை தானாகவே போய்விடும்.

மே மாதத்தில் ஒரு நாள் மற்றவர்கள் போன பிறகு சிஸ்டர் அவளை நிறுத்தினாள்.

"யுராய்மா, கேளும்மா. எனக்கு முதல் நாளே தெரியும்."

யுராய்மா சுவரில் சாய்ந்தாள்.

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது என்னைக் கேட்டா, பொய் சொல்ல வராது. பரீட்சைக்கு முன்னாடி கேட்பாங்களோ என்னவோ. அதனால நீயே போய்ச் சொல்லிடு."

"சொன்னா வகுப்பை மூடிடுவாங்க சிஸ்டர். உங்களுக்கும் சேர்த்துத்தான் மூடுவாங்க."

"மூடட்டும். இப்பவே நீ பாதி ஆளாயிட்ட. உன் முகத்தைப் பார்க்கிறியா இல்லையா?"

மறுநாள் யுராய்மா பதிவேட்டோடு பெத்தில்தே அம்மாவின் ஜன்னல் முன் நின்றாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்: கிரேசியா போனது, கையெழுத்து, ப்ரோஃபேவுக்கு இதில் சம்பந்தமில்லை, தண்டனை தனக்கு மட்டும் இருக்கட்டும்.

பெத்தில்தே அம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். "எதுக்குடி இந்த வேலை?"

"நாலு பேர் வேணும்ல..."

"பதிவு பண்ணும்போது நாலு பேர் வேணும். பண்ணினீங்க, முடிஞ்சுது. அதுக்கப்புறம் யார் வந்தா, யார் எல்லை தாண்டினா, எனக்கு என்ன? வராதவங்க பேருக்கு நேரே வரவில்லைன்னு எழுதி மூடிடுவேன். இந்த அலுவலகத்துல நான் அதிகமா எழுதுற வார்த்தையே அதுதான்."

"போன வருஷம் தாவர உடலியலை மூடினாங்களே?"

"அது வாத்தியார் ஓடிப் போனதால மூடினது. பிள்ளைங்க போனதால எதையும் மூடினதே இல்ல. அப்படி மூடணும்னா இந்த மலையையே மூடணும்." அவள் பதிவேட்டை வாங்கி, கிரேசியாவின் வரிசையில் ஒரு நீளக் கோடு இழுத்தாள். "இனிமே எதையாவது செய்யறதுக்கு முன்னாடி வந்து கேளு. மூணு வருஷமா தினமும் வந்து நிக்கிறவ, இதுக்கு மட்டும் வரல பாரு."

யுராய்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். தப்பித்தோம் என்ற நினைப்பே வரவில்லை. அந்த விதியை அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பஸ் நிலையத்துக்கு ஓடியிருக்க வேண்டியதில்லை. ஓடியிருந்தாலும், வழியனுப்பப் போயிருக்கலாம். பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு வந்திருக்கலாம். அந்தப் பேச்சைப் பேசியதற்கு இனிமேல் அவளிடம் காரணம்கூட இல்லை.

ஜூன் கடைசியில் பரீட்சை நடந்தது. மூன்று பேரும் தேறினார்கள். டார்வின் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. லிஸ்பெத் மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போட்ட கையோடு ராஜினாமாக் கடிதத்தை மறுபடியும் நீட்டினாள். அதே வாரம் மதிப்பெண் சான்றை எடுத்துக்கொண்டு யுராய்மா முகுச்சீஸுக்குப் போனாள். தொட்டிகள் வறண்டு கிடந்தன. தீவனம் கிடைக்காமல் எவாரிஸ்தோ இருந்த மீனையெல்லாம் மே மாதமே விற்றுவிட்டு, மகனிடம் பொகோத்தாவுக்குப் போய்விட்டார் என்றார் காவல்காரர். பட்டம் அச்சடிக்கக் காகிதம் இல்லையென்று அதற்கும் டிசம்பர் ஆயிற்று. விழா ஒன்றுமில்லை. பெத்தில்தே அம்மா ஜன்னல் வழியாக நீட்டினாள், இவள் வாங்கிக்கொண்டாள். அந்தச் சமயம் சிஸ்டரை மடத்தார் வேறு ஊருக்கு மாற்றியிருந்தார்கள். அவள் சிபாரிசில் மடத்துப் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுக்க யுராய்மாவுக்கு இடம் கிடைத்தது. சம்பளம் பெயருக்குத்தான். ஆனால் மாதா மாதம் ஒரு மூட்டை மாவும் பருப்பும் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அதில் நிம்மதி.

கிரேசியாவின் எண்ணை டார்வினிடம் வாங்கி வைத்திருந்தாள். பல தடவை அழைத்தாள், அவள் எடுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், பேசியே பதிவு செய்து அனுப்பினாள். மன்னிப்புக் கேட்டாள். நாலு பேர் வேண்டியிருக்கவே இல்லை என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விடலாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். சொன்னால் கிரேசியாவுக்கு இன்னும் வலிக்கும். சொல்லாவிட்டால் தன் பேச்சுக்கு ஏதோ ஒரு நியாயம் இருந்ததுபோல ஆகிவிடும்.

மூன்று நாள் கழித்து பதில் வந்தது. பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ ஆர்டர் சொல்லும் குரல்.

"கேட்டேன், யுரா. நீ பாஸ் பண்ணினது சந்தோஷம், நிஜமாவே சந்தோஷம். மத்தது... இப்ப பேச வேண்டாம். என்னால இன்னும் முடியல. முடியறப்ப நானே கூப்பிடறேன்."

அவ்வளவுதான். யுராய்மா அதை மறுபடி கேட்கவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, திருத்த வேண்டிய விடைத்தாள்களை எடுத்துக்கொண்டாள். அந்த வருஷம் கிரேசியா கூப்பிடவில்லை. அடுத்த வருஷமும் கூப்பிடவில்லை. யுராய்மா தன் போன் எண்ணை மாற்றவில்லை.